இடுப்பு நோவு, கவட்டு நோவு, கைரோபிராக்டிக் சிகிச்சை: வாசகர் கேள்வி – பதில்

பதில் அளிப்பவர்: வன்னியில் பணியாற்றும் ஓர் இயன்மருத்துவர்

இந்தப் பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களில் இடுப்பின் அடிப்பகுதியிலும் கவட்டிலும் ஏற்படும் நோவைப் பற்றியவை அதிகம். அவற்றில் பலவற்றில், முள்ளந்தண்டையும் பொருத்துகளையும் கையால் அழுத்தி அசைக்கும் கைரோபிராக்டிக் என்ற சிகிச்சையின் பெயரும் வருகிறது. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் உறவினர்கள் அங்கே தாங்கள் பெற்ற சிகிச்சையைத் தொலைபேசியில் சொல்ல, ஊரில் இருப்பவர்கள் முதுகும் இடுப்பும் ‘டக்’ என்று நெட்டி முறியும் காணொளிகளைக் கைபேசியில் பார்த்துவிட்டு எங்களிடம் விளக்கம் கேட்கிறார்கள். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு ஆண்டுக்கணக்காகத் தாங்கிக்கொள்ளப்படும் நோவு இது என்பதால், இம்முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்குகிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 29 வயது. இரண்டாவது பிள்ளை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. ஏழாம் மாதக் கர்ப்பத்தில் தொடங்கிய இடுப்பு நோவு இன்னும் விடவில்லை. பின்பக்கம் வலது புறத்திலும் முன்னே கவட்டின் நடுவிலும் நோகிறது. படுக்கையில் புரள்வதும், ஒற்றைக் காலில் நின்று உடுப்பு மாற்றுவதும் பெரும் பாடாக இருக்கின்றன. ரொறன்ரோவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகள், இடுப்பெலும்பு விலகியிருக்கும், கைரோபிராக்டரிடம் போய் அதை இடத்தில் வைக்கவேண்டும் என்கிறார். மாமியோ முறிவு நெரிவு வைத்தியரிடம் கூட்டிப் போகிறேன் என்கிறார். உண்மையிலேயே எலும்பு விலகியிருக்குமா? நான் யாரிடம் போவது?
— வாசகி, தருமபுரம், கிளிநொச்சி

பதில்: சகோதரி, முதலில் உங்கள் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எலும்பு விலகியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. பிள்ளைப்பேற்றின்போது முன்பக்கப் பொருத்து உண்மையிலேயே பிரிந்துவிடும் தாய்மார் மிகச் சிலர் உண்டு. அந்த இடைவெளி 10 மில்லிமீற்றரைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் எழுந்து நாலடி வைப்பதே கடினமாக இருக்கும். நீங்கள் ஐந்து மாதமாக வீட்டு வேலையும் பிள்ளைப் பராமரிப்பும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இடுப்பு என்பது வலமும் இடமுமாக இரண்டு பெரிய எலும்புகளும், அவற்றின் பின்னே முள்ளந்தண்டின் அடியில் ஆப்பு வடிவில் இறங்கியிருக்கும் திரிக எலும்பும் சேர்ந்த ஒரு வளையம். இந்த வளையத்தில் பின்புறம் இரண்டு பொருத்துகளும் முன்புறம் கவட்டின் நடுவே ஒரு பொருத்தும் இருக்கின்றன. பின்பொருத்துகள் மிக வலிய நார்களால் கட்டப்பட்டவை ஆகையால் அவை அசைவது ஓரிரு மில்லிமீற்றர் அளவுக்கே. கர்ப்ப காலத்தில் ஓமோன்களின் தாக்கத்தால் அந்த நார்கள் சற்று இளகுகின்றன, வயிற்றின் பாரம் முன்னோக்கி இழுக்கிறது, அடிவயிற்றுத் தசைகள் நீண்டு வலுவிழக்கின்றன. அதுவரை தசைகளும் நார்களும் பகிர்ந்து சுமந்த பாரம் பொருத்துகளின் மீது கூடுதலாக விழுவதால் அவ்விடம் நோகத் தொடங்குகிறது. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த நோவு வருகிறது. பெரும்பாலானவர்களுக்குப் பிள்ளை பிறந்து சில மாதங்களில் தணிந்துவிடும். சிலருக்கு உங்களுக்கு நேர்ந்ததுபோல இழுபடும். கடையாணி கழன்ற சில்லைப் போல ஏதோ ஒன்று கழன்றுவிட்டது என்ற எண்ணத்தை நீங்கள் முதலில் கைவிடவேண்டும், ஏனென்றால் அந்த எண்ணமே பல தாய்மாரை அசையப் பயந்தவர்களாக்கி நோவை நீடிக்கச் செய்கிறது.

உங்கள் அக்கா சொல்லும் கைரோபிராக்டிக் முறையை 1895 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டானியல் டேவிட் பாமர் என்பவர் தொடக்கினார். முள்ளந்தண்டின் எலும்புகள் இடம் பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவருடைய கொள்கை. இன்றைய மருத்துவ அறிவியல் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை என்றாலும், அவர் வழிவந்தவர்கள் பொருத்துகளைக் கையால் விரைவாகவும் அளவாகவும் அழுத்தி அசைக்கும் ஒரு நுட்பத்தை வளர்த்தெடுத்தார்கள். அந்த நுட்பம் சிலருக்கு நோவைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லப்படும் விளக்கம் சரியல்ல. பின்பொருத்து நோவுள்ள பத்துப் பேருக்கு இந்தச் சிகிச்சையைச் செய்து, அதற்கு முன்னும் பின்னும் எலும்புகளின் இருப்பை நுட்பமான எக்ஸ்ரே முறையால் அளந்த ஆய்வொன்று 1998 இல் வெளியானது. கையால் பரிசோதித்தபோது எல்லாம் சீராகிவிட்டதாகத் தோன்றியது. எக்ஸ்ரே அளவீட்டிலோ எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது. எனவே கிடைக்கும் நிவாரணம், நரம்புகள் நோவை உணரும் விதம் சிறிது நேரம் மாறுவதாலும் இறுகிய தசைகள் இளகுவதாலும் வருவது என்றே கொள்ளவேண்டும். அந்த ‘டக்’ ஒலியும் எலும்பு பூட்டிக்கொள்ளும் ஒலி அல்ல. பொருத்துக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறையும்போது வாயுக் குழி ஒன்று உருவாவதே அந்த ஒலிக்குக் காரணம் என்பதை 2015 இல் விரல் பொருத்துகளை எம்.ஆர்.ஐ. ஸ்கான் மூலம் நேரடியாகப் பார்த்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். ஒலி வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்று எதுவும் கிடையாது.

அப்படியானால் அந்தச் சிகிச்சையில் பயன் உண்டா? முதுகின் அடிப்பகுதி நோவுக்கு உண்டு, அளவோடு உண்டு. பிரித்தானியாவின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டல், கைச்சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்தே கொடுக்கவேண்டும், தனியாகக் கொடுக்கக்கூடாது என்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட முதுகு நோவுக்காக 2023 இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் கல்வி, உடற்பயிற்சி ஆகியவற்றோடு இதுவும் ஒரு தெரிவாக இடம்பெற்றிருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான இடுப்பு வளைய நோவுக்கு இதற்குள்ள சான்றுகள் அதைவிட மெலிந்தவை. அதனால் உங்களைப் போன்றவருக்கு நான் முதலில் கொடுப்பது பயிற்சியையே. கைச்சிகிச்சை, பயிற்சி செய்ய முடியாத அளவுக்கு நோவு இருப்பவருக்கு ஒரு துணை.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பாயில் மல்லாந்து படுத்து, கால்களை நீட்டி, முழங்காலை மடக்காமல் ஒரு காலை ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் தூக்குங்கள். கால் ஈயம் கட்டியதுபோல் கனக்கிறதா, நோகிறதா என்று கவனியுங்கள். பிறகு மாமியை உங்கள் இடுப்பின் இரு பக்கங்களிலும் உள்ளங்கைகளை வைத்து உள்நோக்கி அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அதே காலை மீண்டும் தூக்குங்கள். அழுத்திப் பிடித்தபோது கால் இலகுவாக எழும்பினால், உங்கள் இடுப்பு கேட்பது தாங்குதலை. அதைத் தரவேண்டியவை உங்கள் தசைகள். அவை வலுப்பெறும் வரை அகலமான பருத்தித் துணியொன்றை, தொடையின் மேற்புறத்தில் எலும்பு முழியாகத் தட்டுப்படும் மட்டத்தில், இறுக்கமாக ஆனால் மூச்சு முட்டாமல் கட்டிக்கொண்டு வேலை செய்யலாம். வயிற்றைச் சுற்றிக் கட்டுவதால் இந்த நோவுக்குப் பயனில்லை. பலர் செய்யும் தவறு அது.

பயிற்சி என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தளத் தசைகளை மெதுவாக மேலிழுத்து, மூச்சை நிறுத்தாமல் சில விநாடிகள் வைத்திருந்து விடுவது முதற்படி. அது கைவந்தபின், முழங்கால்களை மடக்கிப் படுத்து இடுப்பைப் பாயிலிருந்து உயர்த்துவதும், ஒருக்களித்துப் படுத்து மேல் முழங்காலை மட்டும் திறப்பதும் சேரும். நாள்தோறும் செய்யவேண்டும், ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் பொறுமையாகச் செய்யவேண்டும். புரளும்போது முழங்கால்கள் இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டு உடம்பை ஒரே கட்டாகத் திருப்புங்கள். உடுப்பை உட்கார்ந்து மாற்றுங்கள். பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையில் தண்ணீர் வாளி தூக்கும் வழக்கத்தைச் சில காலம் நிறுத்துங்கள். கணவரும் மாமியும் தண்ணீர் அள்ளித் தருவது இந்த நோவுக்கான சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் சொன்னதாகவே அவர்களிடம் சொல்லுங்கள்.

மாமி நம்பும் முறிவு நெரிவு வைத்தியத்தை நான் இகழமாட்டேன். எண்ணெய் பூசி இதமாகத் தடவுவதாலும் ஒத்தணம் கொடுப்பதாலும் தசை இளகும், கேடு எதுவும் இல்லை. காலைப் பிடித்து வெட்டி இழுப்பதற்கும் இடுப்பில் ஏறி மிதிப்பதற்கும் மட்டும் உடன்படாதீர்கள். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் வழியாகவோ வெளிநோயாளர் பிரிவு வழியாகவோ கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்கு வரலாம். நோவோடு காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைபடுதல், சிறுநீரை அடக்க முடியாமை, உறவின்போது கடும் நோவு ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் முதலில் பார்க்கவேண்டியவர் பெண்நோயியல் வைத்தியர். இவற்றை வாய்விட்டுச் சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

கேள்வி: நான் கழகமொன்றில் உதைபந்தாட்டம் விளையாடுகிறேன், வயது 22. ஓராண்டாக வலது தொடையின் உட்பக்கத்தில், கவட்டோடு சேரும் இடத்தில் நோவு இருக்கிறது. ஓய்வெடுத்தால் போய்விடுகிறது, மைதானத்தில் இறங்கி இரண்டு பந்து உதைத்தால் திரும்பி வருகிறது. தடவிப் பார்த்தேன், மருந்தெண்ணெய் பூசிப் பார்த்தேன். கைரோபிராக்டிக் செய்தால் விரைவாகக் குணமாகுமா?
— வாசகர், முள்ளியவளை

பதில்: தம்பி, விளையாட்டு வீரர்களின் கவட்டு நோவைப் பற்றி உலகெங்கும் மருத்துவர்கள் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக் குழம்பியிருந்த நிலையில், 2014 இல் கட்டார் நாட்டின் டோகா நகரில் கூடிய நிபுணர்கள் அதை வகைப்படுத்தினார்கள். தொடையை உள்நோக்கி இழுக்கும் தசைகளிலிருந்து வருவது, தொடையை முன்னே தூக்கும் தசையிலிருந்து வருவது, அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்பிலிருந்து வருவது, முன்பக்க இடுப்புப் பொருத்திலிருந்து வருவது, தொடை மூட்டிலிருந்தே வருவது என்பனவே அவை. உங்கள் கடிதத்தைப் படித்தால் முதலாவது வகையே நினைவுக்கு வருகிறது. மல்லாந்து படுத்து, முழங்கால்களுக்கிடையே ஒரு பந்தை வைத்து, முழுப் பலத்தோடு நசுக்குங்கள். உங்களுக்குப் பழக்கமான அதே நோவு அதே இடத்தில் எழுந்தால், பெரும்பாலும் அந்த உட்தொடைத் தசையின் தசைநாரே நோவின் இடம்.

இதில் மிகத் தெளிவான சான்று ஒன்று நம்மிடம் இருக்கிறது. டென்மார்க்கில் நீண்டகாலமாக இதே நோவால் அவதிப்பட்ட 68 விளையாட்டு வீரர்களை இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த ஆய்வு 1999 இல் வெளியானது. ஒரு குழுவினர் 8 முதல் 12 வாரங்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியைச் செய்தார்கள். மற்றக் குழுவினருக்குத் தேய்ப்பு, தசை நீட்டல், லேசர், மின்தூண்டல் ஆகியவை கொடுக்கப்பட்டன. முடிவில் நோவின்றிப் பழையபடி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் பயிற்சிக் குழுவில் 23 பேர். மற்றதில் 4 பேர் மட்டும். படுத்துக்கிடந்து மற்றவர் கையால் பெறும் சிகிச்சைக்கும், நாமே வியர்வை சிந்திச் செய்யும் பயிற்சிக்கும் இந்த நோவில் உள்ள தூரம் அவ்வளவு. கைரோபிராக்டிக் அழுத்தத்தால் ஒரு நாள் இரண்டு நாள் இலகுவாக உணரலாம்; பலவீனமான தசைநார் அதனால் வலுப்பெறாது. நீங்கள் ஓய்வெடுக்கும்போது நோவு போவதும் திரும்பி வருவதும் இதனால்தான். ஓய்வு நோவைத் தணிக்கிறதே தவிர, பந்தை உதைக்கும் பலத்தைத் தசைநாருக்குத் தருவதில்லை.

அந்தப் பந்து நசுக்கும் சோதனையையே பயிற்சியின் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நோவு பத்துக்கு இரண்டு மூன்றைத் தாண்டாத பலத்தில் முப்பது விநாடி வரை நசுக்கி விடுங்கள், பலமுறை செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒருக்களித்துப் படுத்துக் கீழ்க்காலை உயர்த்துவது, நின்றபடி இறப்பர்ப் பட்டியால் காலை உள்ளிழுப்பது, அடிவயிற்றுத் தசைப் பயிற்சி என்று கூட்டிக்கொண்டு போகவேண்டும். நேராக ஓடுவது முதலில், வெட்டித் திரும்புவது பிறகு, முழுப் பலத்தோடு உதைப்பது கடைசியில். இறுதிப்போட்டி வருகிறது என்று இந்த வரிசையைக் குழப்புபவர்களே மறுபடியும் எங்களிடம் வருகிறார்கள்.

இருமும்போது கவட்டில் புடைப்பு எழுந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். விதைப்பையில் திடீரென்று கடும் நோவு எழுந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். ஆறு மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை நடந்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும் என்பதால், இரவென்றும் பாராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

கேள்வி: எனக்கு 47 வயது. 2009 இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். செயற்கைக் காலோடு தோட்டம் செய்கிறேன். இடுப்பில் ஒரு செல் துண்டு இன்னும் இருக்கிறது. எடுத்தால் ஆபத்து என்று அப்போது விட்டுவிட்டார்கள். இரண்டு வருடமாக நல்ல காலின் பக்கம், வலது கவட்டில் நோவு. சப்பாத்து மாட்டக் குனிந்தால் உயிர் போகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் இலவசமாக முதுகு, இடுப்பு நிமிர்த்தும் முகாம் வைக்கப்போகிறார் என்கிறார்கள். போகலாமா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ஐயா, உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில்: எக்ஸ்ரே எடுத்து ஒரு வைத்தியர் பார்க்கும்வரை எவரும் உங்கள் இடுப்பை விசையோடு அழுத்தவோ முறுக்கவோ அனுமதிக்கவேண்டாம். அவர் எவ்வளவு நல்ல மனத்தோடு வந்தவராக இருந்தாலும் சரி.

இறுதிப் போரைக் கடந்துவந்த நம் மக்கள் பலரின் உடலில் செல் துண்டுகளும் சன்னங்களும் இன்னும் இருக்கின்றன. அவற்றோடு பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டதால் அவற்றைச் சொல்லவேண்டும் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. முதுகு நோவுக்கு வந்து, இரண்டாம் மூன்றாம் முறை சந்திக்கும்போதுதான் ‘அது உள்ளே கிடக்கிறது’ என்று சாதாரணமாகச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். துண்டு எங்கே இருக்கிறது, நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ பொருத்துக்கோ எவ்வளவு அருகில் இருக்கிறது, அன்று முறிந்த எலும்பு எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பவை தெரியாமல் அந்த இடத்தில் விசையைப் பயன்படுத்துவது பொறுப்பற்ற செயல். வெளிநாட்டில் பயின்றவருக்கு இப்படியொரு நோயாளரைக் கண்ட அனுபவம் இல்லாதிருக்கலாம். ஆகவே அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லவேண்டும். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு யாராவது எழுதித் தந்தால், உள்ளே உலோகம் இருப்பதை ஸ்கான் அறைக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வலிய காந்தம் சில வகை உலோகத் துண்டுகளை அசைக்கவும் சூடாக்கவும் கூடும்.

உங்கள் நோவுக்கு வருகிறேன். சப்பாத்து மாட்டக் குனிகையில் கவட்டின் ஆழத்தில் நோவது, தொடை மூட்டுத் தேய்மானத்தின் மிகப் பழக்கமான முறைப்பாடு. ஒரு காலை இழந்தவர்கள் நடக்கையில் மற்றக் காலின் மீது கூடுதல் பாரத்தை ஏற்றுகிறார்கள். அதனால் நல்ல காலின் மூட்டு முன்கூட்டியே தேய்வது அறியப்பட்ட ஒன்று. கதிரையில் இருந்துகொண்டு, முழங்காலை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாகக் கொண்டுபோகும்போது வலது பக்கம் நோவோடு தடைபட்டால் என் ஊகம் சரியாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். தேய்மானம் என்றாலும் முடிந்துபோன கதை அல்ல. தொடையின் பக்கவாட்டுத் தசைகளையும் பிட்டத் தசைகளையும் வலுப்படுத்துவதாலும், கைத்தடியை நோவுக்கு எதிர்ப்பக்கமான இடது கையில் பிடிப்பதாலும், உடல் எடை கூடியிருந்தால் குறைப்பதாலும் நோவு கணிசமாகத் தணியும். தாங்க முடியாத நிலை வந்தவர்களுக்கு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை இருக்கிறது.

செயற்கைக் காலையும் பார்க்கவேண்டும். காலின் உயரம் சற்றுக் குறைந்தாலோ, தண்டைப் பிடிக்கும் கிண்ணம் தளர்ந்தாலோ, ஒவ்வோர் அடியிலும் இடுப்பு ஒரு பக்கம் சரிந்து நோவைக் கூட்டும். நீங்கள் கடைசியாக அதை எப்போது சரிபார்த்தீர்கள் என்று எழுதவில்லை. கால் பழுதாகாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை காட்டுவது நல்லது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையம் இருக்கிறது. உங்களுக்கு அருகிலேயே, மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் 2024 இல் திறக்கப்பட்ட மருத்துவப் புனர்வாழ்வு வளாகம் இருக்கிறது. உங்கள் வைத்தியரிடம் அங்கே அனுப்பக் கடிதம் கேளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, சற்றுப் பருமனானவன். மூன்று வாரமாக நொண்டுகிறான். முழங்கால் நோகிறது என்கிறான், சில வேளை கவட்டைக் காட்டுகிறான். விழுந்ததாகத் தெரியவில்லை. நெரிவுக்குத் தடவுவிக்கலாமா, கைரோபிராக்டிக் சிறுவர்களுக்கு ஏற்றதா?
— தாய், நெடுங்கேணி

பதில்: தடவுவிக்க வேண்டாம், அம்மா, எந்தக் கைச்சிகிச்சையும் வேண்டாம். இந்த இதழ் கைக்கு வந்த அன்றே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். வளரும் பருவத்தில், குறிப்பாகப் பருமனான பிள்ளைகளில், தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும் ஒரு நோய் இருக்கிறது. கோளாறு இடுப்பில் இருந்தாலும் பிள்ளை முழங்காலைத்தான் காட்டும். முழங்காலை எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடும் அபாயமும் உண்டு. இரண்டு இடுப்பு மூட்டுகளையும், நேராகவும் பக்கவாட்டிலும், எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்று கேளுங்கள். அதுவரை அந்தக் காலில் பாரம் வைக்கவிடாமல் தூக்கிக்கொண்டோ சக்கர நாற்காலியிலோ கொண்டுபோங்கள். அந்த நோயாக இருந்தால் சத்திரசிகிச்சை தேவைப்படும். தாமதித்தால் மூட்டு வாழ்நாள் முழுவதற்கும் கெட்டுவிடலாம்.

கேள்வி: வயது 55, விவசாயி. விலாவின் பின்னால் தொடங்கிக் கவட்டுக்கு இறங்கும் நோவு விட்டுவிட்டு வருகிறது. பாமசியில் டைக்குளோபெனக் வாங்கிப் போட்டால் அடங்கிவிடும். லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) ஓட்டுவதால் இடுப்பு ஆட்டம் கண்டிருக்கும், ஒருமுறை நெட்டி எடுத்தால் சரியாகும் என்கிறார்கள். சரிதானா?
— வாசகர், செட்டிகுளம், வவுனியா

பதில்: அலை அலையாக எழுந்து, எப்படிப் புரண்டு படுத்தாலும் அடங்காமல், விலாவிலிருந்து கவட்டுக்கு இறங்கும் நோவு சிறுநீரகக் கல்லின் நோவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தசையோ பொருத்தோ தரும் நோவு அசைவோடு கூடும், சரியான நிலையில் படுத்தால் குறையும். உங்களுடையது அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையும் வயிற்று ஸ்கானும் செய்யாமல் இடுப்பை நெட்டி முறிப்பதால் பயன் இல்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அந்த மாத்திரை. டைக்குளோபெனக், ஐபுபுரோபன் போன்ற நோ மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. கடும் வெயிலில் வயலில் நின்று, உடல் வற்றிய நிலையில் அவற்றை அடிக்கடி போடுவது மேலும் தீங்கு. காரணம் முழுமையாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியிருக்கும் மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்குள்ள ஒரு விவசாயி தன் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறியாமல் இந்த மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது. இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய ஒரு கழிவு) அளவையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த முடிவு வரும்வரை, வைத்தியர் வேறு மருந்து தராவிட்டால், பனடோலை அளவோடு எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால், அல்லது சிறுநீர் வெளியேறாமல் நின்றால், அதை அவசர நிலையாகக் கருதுங்கள்.

கேள்வி: இயன்மருத்துவர், கைரோபிராக்டர், முறிவு நெரிவு வைத்தியர் என்று பலரும் இடுப்பு நோவுக்குச் சிகிச்சை தருகிறார்கள். கைரோபிராக்டரிடம் போவதென்றால் அவர் தகுதியானவரா என்று எப்படி அறிவது?
— ஆசிரியை, மடு

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2005 இல் வெளியிட்ட வழிகாட்டல், முழுநேரக் கைரோபிராக்டிக் பயிற்சிக்குக் குறைந்தது 4200 மணித்தியாலக் கற்கை வேண்டும் என்றும், அதில் 1000 மணித்தியாலம் மேற்பார்வையின் கீழ் நோயாளரைப் பார்த்ததாக இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1991 ஆம் ஆண்டிலும் பிரித்தானியாவில் 1994 ஆம் ஆண்டிலும் இதற்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பதிவு பெறாதவர் அந்தப் பெயரில் தொழில் செய்ய அங்கே முடியாது. ஆகவே ஒருவர் தம்மைக் கைரோபிராக்டர் என்று சொன்னால், எங்கே, எத்தனை ஆண்டு படித்தார், எந்தப் பதிவுச் சபையில் பெயர் இருக்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை. நேர்மையானவர் கோபிக்கமாட்டார். வார இறுதிப் பயிற்சியொன்றில் சான்றிதழ் பெற்றவரும் காணொளி பார்த்துப் பழகியவரும் இதே பெயரில் உலவக்கூடும். இயன்மருத்துவர் என்றால் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு இருக்கவேண்டும்; அதையும் கேளுங்கள்.

சிகிச்சை தருபவர் முதலில் உங்களைப் பேசவிடுகிறாரா என்று பாருங்கள். பழைய காயம், சத்திரசிகிச்சை, மாதவிலக்கு, கர்ப்பம், எலும்பு மெலிவு, புற்றுநோய், நீரிழிவு, இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து, நீண்டகாலமாக எடுத்த ஸ்டீரோயிட் மருந்து ஆகியவற்றைப் பற்றிக் கேட்காமல் நேரே மேசையில் படுக்கச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். என்ன செய்யப்போகிறார், பிறகு என்ன உணர்வு வரும் என்பதை அவர் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிகிச்சைக்குப் பின் ஒன்றிரண்டு நாள் உளைவு இருக்கும், அது கேடில்லை. இடுப்பும் கவடும் மறைவான இடங்கள் என்பதால், பெண்ணுக்குச் சிகிச்சை நடக்கையில் அவருக்கு நம்பிக்கையான இன்னொரு பெண் அறையில் இருக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முப்பது அமர்வுக்கு முற்பணம் கேட்பவர், பிள்ளையில்லாமையையும் நீரிழிவையும் இதனால் மாற்றுவேன் என்பவர் இருவரையும் தவிருங்கள். நான்கு முதல் ஆறு அமர்வுக்குள் மாற்றம் எதுவும் இல்லையென்றால், நோவின் காரணத்தைத் திரும்பவும் ஆராயவேண்டுமே தவிர அமர்வுகளைக் கூட்டக்கூடாது. வீட்டில் செய்யப் பயிற்சி எதுவும் சொல்லித் தராதவர் எந்தப் பெயரில் தொழில் செய்தாலும் உங்களுக்குப் பாதி வைத்தியமே செய்கிறார்.

இவர்களில் எவரிடமும் போகாமல் நேரே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நிலைகளை உங்கள் மாணவரின் பெற்றோருக்கும் சொல்லுங்கள். இரு தொடைகளுக்கும் இடையே, உட்காரும் இடத்தில் மரத்துப்போய் சிறுநீர் போகாமல் நின்றுவிடுவது. மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றின் ஒரு பக்கம் திடீரென்று கடும் நோவும் மயக்கமும் வருவது. கவட்டில் எழுந்த புடைப்பு உள்ளே போகாமல் இறுகி நோவும் வாந்தியும் எடுப்பது. வயதானவர் விழுந்தபின் ஒரு கால் குறுகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடப்பது. காய்ச்சலோடு தொடை மூட்டை அசைக்கவே முடியாமற் போவது. இவற்றுள் எதுவானாலும் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அழைக்கும்போது வீட்டு விலாசத்தோடு அருகிலுள்ள பாடசாலையின் அல்லது கோயிலின் பெயரையும், பிரதான வீதியிலிருந்து எந்தக் கிளை வீதியில் திரும்பவேண்டும் என்பதையும் சொல்லுங்கள். உள்ளூர்க் கிரவல் வீதிகளுக்குப் பெயர்ப்பலகை இல்லாததால், முடிந்தால் ஒருவரைச் சந்திக்கு அனுப்பி நிற்கச் செய்யுங்கள்.